கன்னிக்கு வைத்த மஞ்சள்

மூக்கிலிருந்து எடுக்கிற ஒரு கரும்புள்ளி எவ்வளவு நீளம் இருந்துவிடப் போகிறது? எள்ளில் பாதி இருந்தாலே அதிகம். இத்தனை நாளில் அழகியநாயகி எடுத்துப் போட்டதெல்லாம் அந்த அளவுதான். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அந்தியில், புறவாசல் சாய்ப்பில் வென்னீர்ப் பானைக்கு மேல் குனிந்து, தலையை மூடியிருந்த துவர்த்துத் துண்டுக்குள் மூச்சு முட்ட ஆவி பிடித்து முடித்து, அரிக்கேன் விளக்கைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு இடது மூக்கு மடலில் புள்ளி எடுக்கும் கம்பியை வைத்து அழுத்தியபோது, வந்தது வந்துகொண்டே இருந்தது.

முதலில் கறுத்த நுனி எட்டிப் பார்த்தது. இரண்டு நகங்களுக்கு நடுவே அதைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வலிக்கவில்லை. விரற்கடை நீளம் வந்தது. இன்னும் இழுத்தாள், இன்னும் வந்தது. இழுக்கும்போது சுண்டியது மூக்கில் அல்ல. கண்ணுக்குப் பின்னால், மண்டைக்குள் எங்கேயோ. கடைசியில் அது அறுபடாமல் முழுதாக வெளியே வந்து அவள் விரலில் தொங்கியது. ஒரு சாண் நீளத் தலைமுடி. மெல்லிசாக, எண்ணெய் மினுங்க, நேராக இருந்தது. அவளுடையதோ சுருட்டை முடி. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பழைய தாழம்பூ மணம் வந்தது.

"ஏட்டி, அங்க என்ன செய்யுகே? சாரல் அடிக்குகு, உள்ள வா," என்று அடுக்களையிலிருந்து அம்மா பார்வதியம்மாள் கூப்பிட்டாள்.

அழகியநாயகி முடியை அடுப்புத் தணலில் போட்டாள். அது பொரிந்து சுருண்டது. எண்ணெயோடு இறங்கி வந்து துவாரத்துக்குள் சிக்கிய ஏதோ ஒரு முடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, அதை நம்பவில்லை. முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடித்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெயரென்னவோ அழகியநாயகி. மூக்கின் இரண்டு மடலிலும், கீழுதட்டுக்கு அடியிலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். கிள்ளினால் சிவக்கும், நாலு நாளில் திரும்பவும் முளைக்கும். அவளைப் பெண் பார்க்க வந்த முதல் வீட்டார் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், பதில் சொல்லவில்லை. இரண்டாவது வீட்டார் சொல்லாமல் இருந்திருந்தாலே தேவலை. மாப்பிள்ளையின் சித்தி ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு கொள்ளாம். மூக்குலதான் எள்ளு காயப் போட்டிருக்கா," என்றாளாம். அந்தப் பந்தி முழுக்கச் சிரித்திருக்கிறது. தாழக்குடிப் பக்கத்துப் பெண்களுக்கு அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை. குளத்துக்குப் போனால், "எள்ளு காஞ்சாச்சா அழகி?" என்று கேட்பார்கள். இவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மூக்கு வீங்கும்வரை கிள்ளுவாள்.

மூன்றாவதாக வரப்போவது தக்கலைத் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் முத்துக்குமாரசாமி. ஆனி மாதக் கடைசிப் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவனை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். சுசீந்திரம் தேரோட்டத்தில் கூட்டம் நெருக்கியதில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்று தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டிருந்தான். யாரென்று விசாரிக்காமலே, பக்கத்தில் நின்றவர்களின் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டாள். ஆறு மாதமாக அந்த ஆளைத் தவிர வேறு நினைப்பில்லை. அவளுக்கு அவன் வேண்டும். இந்த மூக்கினால் அவனும் கைவிட்டுப் போனால் செத்துவிடலாம் என்றே நினைத்தாள்.

வழி சொன்னது ராகேல். நாகர்கோவிலில் ஒன்றாகப் படித்தவள், இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றுக்கொண்டிருந்தாள்.

"இது அழுக்கு இல்லட்டி, எண்ணெ. தலையில தேய்க்க தேங்காண்ணெ நெத்தி வழியா இறங்குகு. நீ அதுக்கு மேல பவுடர அப்புகே. துவாரம் அடைஞ்சு போகு. அடைச்சது காத்து பட்டுக் கறுத்துப் போகு. இம்புட்டுதான் விசயம். நகத்தால கிள்ளாண்டாம், கேட்டியா."

ராகேல் சொன்னதை அழகியநாயகி வேதம் போல எடுத்துக்கொண்டாள். காலையும் அந்தியும் பயற்றமாவு தேய்த்துக் கழுவினாள். வாரத்துக்கு இரண்டு தடவை ஆவி பிடித்தாள். தோல் இளகியதும், ராகேல் கொடுத்த, நுனியில் துவாரம் வைத்த சின்ன உருக்குக் கம்பியை வென்னீரில் கொதிக்கவைத்து, தானாக வருவதை மட்டும் அழுத்தி எடுத்தாள். பிறகு குளிர்ந்த தண்ணீர், அதற்கு மேல் உரைத்த மஞ்சள். தலையணை உறையை ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்தாள், பவுடர் டப்பாவைத் தொடவே இல்லை. ஒரு மாதத்தில் பாதிப் புள்ளிகள் போயின. மீதிப் பாதி அசையவில்லை.

"கறி மஞ்சளத் தேச்சா மூஞ்சி மஞ்சளாத்தான் ஆகும்," என்றாள் ராகேல். "கஸ்தூரி மஞ்சள் வேணும். நல்ல சரக்கு."

நல்ல கஸ்தூரி மஞ்சள் அந்த வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது.

வீட்டின் நடுவே, ஜன்னல் இல்லாத அரங்கு என்ற உள்ளறையில், உத்திரத்திலிருந்து கயிற்றில் தொங்கியது கன்னிப் பெட்டி. அப்பா கணபதியப்பனின் தங்கை உலகம்மை கல்யாணமாகாமல் பதினெட்டு வயதில் இறந்துபோனவள். அப்படிப் போனவள் வீட்டுக்குக் கன்னித் தெய்வம். பனையோலைப் பெட்டிக்குள் அவளுக்கு ஒரு சிற்றாடை, வளையல், சீப்பு, சாந்து, ஒரு துண்டு கஸ்தூரி மஞ்சள். வருஷந்தோறும் ஆடிக் கடைசி வெள்ளியில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக் கும்பிடுவார்கள். மஞ்சளை மட்டும் அப்பா கோட்டாறு சேக் மைதீன் கடையில் தாமே முகர்ந்து பார்த்து வாங்கி வருவார். உள்ளே போவதெல்லாம் புதியதாக இருக்க வேண்டும், யார் உடம்பிலும் பட்டிருக்கக் கூடாது. வெளியே வருவதை வீட்டுப் பெண்பிள்ளை பிரசாதமாக எடுத்துக்கொள்ளலாம். கன்னியின் சிற்றாடைகளைக் கட்டித்தான் அழகியநாயகி வளர்ந்தாள்.

அதனால் அவளுக்கு அது திருட்டாகவே படவில்லை. அடுத்த மாதம் எப்படியும் தன் கைக்கு வரப்போகிற மஞ்சள். ஒரு மாதம் முந்தி எடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? ஒரே சங்கடம், வெள்ளிதோறும் அம்மா பெட்டியைத் திறந்து பூ வைப்பாள், இல்லாதது கண்ணில் படும். சனிக்கிழமை அம்மா குளத்துக்குப் போன நேரம் பார்த்து அரங்குக்குள் போனாள். கன்னியின் மஞ்சளை எடுத்தாள். அந்த இடத்தில், ஒரு மாதமாகத் தன் முகத்தில் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் மழுங்கியிருந்த தன் மஞ்சள் துண்டைத் துடைத்து, மழுங்கிய பக்கம் அடியில் இருக்கும்படி வைத்தாள். இரண்டும் மஞ்சள்தானே என்று நினைத்தாள்.

மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை அந்தியில்தான் அந்த முடி வந்தது. புதன்கிழமை வேறு இரண்டு வந்தன.

வியாழக்கிழமை காலையில் கண்ணாடியைப் பார்த்தவள் பயத்தையெல்லாம் மறந்துவிட்டாள். மூக்கில் ஒரு புள்ளி இல்லை. உதட்டுக்கு அடியிலும் இல்லை. விரலால் தடவினாள், வழுக்கிக்கொண்டு போனது. பால் கறக்க வந்த இசக்கி, "என்ன மக்கா, மொகம் இப்பிடி மினுங்குகு!" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். குளத்தில் யாரும் எள்ளைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஒரு நாள் அழகியநாயகி தரையில் நடக்கவில்லை.

அன்று அந்தியில் அடுக்களையில் தனியாக இருந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

வெளியே நூல் நூலாகச் சாரல் ஓட்டில் விழும் ஓசை, தொழுவத்தில் பசு வாலால் சுவரை அடிக்கும் ஓசை, தூரத்தில் வயல் தவளைகள். இவை எல்லாவற்றுக்கும் அடியில், சொரசொரப்பான கல்லில் எதையோ வட்டமாக உரைக்கிற சத்தம். சர்ர், சர்ர் என்று நிதானமாக, அழுத்தமாக, நடுநடுவே தண்ணீர் தெளிக்க நிறுத்துகிற மாதிரி நிறுத்தி மீண்டும் தொடங்கியது. அவள் மஞ்சள் உரைக்கும் கல் அவள் காலடியில் காய்ந்து கிடந்தது. வீட்டில் வேறு உரைகல் கிடையாது. விளக்கை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து போனாள். சத்தம் அரங்குக்குள்ளிருந்து வந்தது. கதவு வெளியே கொண்டி போட்டிருந்தது. கொண்டியை நீக்கியதும் சத்தம் நின்றது. உள்ளே ஈர மஞ்சள் வாசனை முகத்தில் அடித்தது. ஆளில்லை. பெட்டி தொங்கிய கயிறு மட்டும் கிறீச்சிட்டபடி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

காற்று என்று சொல்லிக்கொள்ள அந்த அறைக்கு ஜன்னல்கூட இல்லை.

மறுநாள் வெள்ளி. அம்மா பிச்சிப்பூவோடு பெட்டியைத் திறந்தாள். அழகியநாயகி சாம்பிராணித் தட்டைப் பிடித்தபடி பின்னால் நின்றாள். அகப்பட்டுக்கொள்வோம் என்று அம்மாவின் கையையே பார்த்தாள்.

"இதென்ன, மஞ்சள் ஈரமா இருக்கு," என்றாள் அம்மா. "தேஞ்சும் போயிருக்கே."

"மழைக்காலம் இல்லியா அம்மா. எலியா இருக்கும்."

"கன்னி பெட்டியில எலி ஏறாது." அம்மா திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க அத்தைக்கும் இப்பிடித்தான் ஒரு மறு இல்லாத மொகம். நான் கல்யாணம் கழிஞ்சு வந்த வருசம். முட்டு வரைக்கும் முடி, எப்பவும் தாழம்பூ வச்சிருப்பா. மறுநா பொண்ணு பாக்க வாறாவன்னு அன்னிக்குப் பூரா மஞ்சத் தேச்சா பாவி. அந்திக்குக் காய்ச்சல் கண்டுது. விடியதுக்குள்ள போயிட்டா. வந்தவ்வோளுக்கு மொகத்தக் காட்டாமலே போயிட்டா, மக்கா."

தாழம்பூ என்றதும் தணலில் போட்ட முடி அழகியநாயகிக்கு நினைவு வந்தது. அந்த நிமிஷமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியும். தலையில் அடித்துக்கொள்வாள். பரிகாரம் கழியும்வரை பெண் பார்ப்பதை நிறுத்திவிடுவாள். தக்கலைக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். அவள் சாம்பிராணித் தட்டை அம்மாவிடம் நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ராகேல் வந்தாள். வந்தவுடன் சிரித்தாள், கன்னத்தைக் கிள்ளினாள். "எங்கிட்ட நல்ல வேலை கத்துக்கிட்டியே!" என்றாள். பிறகு முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"ஏட்டி, நான் கிள்ளினது வலிச்சுதா?"

"எப்பம் கிள்ளினே?"

ராகேல் கையை எடுத்துக்கொண்டாள். "உனக்கு மொகம் வேர்க்கா?"

அழகியநாயகி யோசித்தாள். காலையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஒரு பானை நெல் அவித்தாள். முதுகும் கழுத்தும் தொப்பலாக நனைந்தன. முகத்தைத் துடைத்த ஞாபகம் இல்லை. துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"எல்லாத் தோலுக்கும் துவாரம் உண்டும்," என்றாள் ராகேல், குரலைத் தாழ்த்தி. "நேத்துப் பிறந்த பிள்ளைக்கும் உண்டும். கண்ணுக்குத் தெரியும். உனக்கு இல்ல. ஒண்ணுகூட இல்லட்டி. எல்லாம் மூடிப் போச்சு. என்னத்தத் தேச்சே நீ?"

"நீ சொன்னதைத்தான்."

"நான் சொன்னது இப்பிடிச் செய்யாது. விட்டிரு. மஞ்சளும் வேண்டாம், ஆவியும் வேண்டாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா."

"புதன்கிழமை கழிஞ்சு வாறேன்."

"அழகி, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் அழகியநாயகி. "ஆனா அவ்வோ வாறது புதன்கிழமைதான். இன்னும் மூணு நாள்தானே ராகேல்."

ராகேல் அழுதுகொண்டே போனாள். அழகியநாயகி அன்று அந்தியிலும் மஞ்சள் உரைத்தாள்.

திங்கட்கிழமை நெற்றியில் சாந்துப் பொட்டு நிற்கவில்லை. வைத்த மாத்திரத்தில் வழுக்கி மூக்கு வழியாக இறங்கியது. மூன்று தடவை வைத்தாள், மூன்று தடவையும் இறங்கியது. முற்றத்தில் நின்று சாரலுக்கு முகத்தைக் காட்டினாள். கையில் விழுந்த துளி குளிர்ந்தது, முகத்தில் விழுந்தது தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை பால் பொங்கிக் கரிந்து வீடு முழுக்கப் புகை மண்டிய பிறகுதான், அம்மா ஓடிவந்து கத்திய பிறகுதான், தனக்கு வாசனையே வரவில்லை என்று கண்டாள். மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் காற்று போகவில்லை. வலது பக்கம் ஒரு நூல் போகிற அளவுக்குப் போனது. வாயைத் திறந்து மூச்சு விட்டாள்.

கண்ணாடியில் தெரிந்த முகமோ அவள் ஆயுசில் பார்த்திராத அழகு. அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. அழுகை வந்ததே தவிரக் கண்ணீர் வரவில்லை.

புதன்கிழமை காலையில் கன்னியின் மஞ்சளில் மிச்சமிருந்தது சுண்டுவிரல் நகம் அளவு. வேண்டாம், இதை வைத்துவிடு, பெட்டியிலேயே கொண்டுபோய் வைத்துவிடு என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. கை கேட்கவில்லை. கல்லில் தண்ணீரைத் தெளித்து உரைக்கத் தொடங்கினாள். அரங்குக்குள்ளும் அந்தச் சத்தம் தொடங்கியது. அவள் உரைத்தால் அங்கேயும் உரைத்தது. அவள் நிறுத்தினாள். அங்கே அரை நொடி கழித்து நின்றது. மீண்டும் உரைத்தாள். துண்டு கரைந்து, விரல் கல்லில் பட்டது. அவள் நிறுத்தினாள்.

அங்கே நிற்கவில்லை.

மதியம் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தபோது தக்கலைக்காரர்களின் வண்டி வாசலில் வந்து நின்றது. குடைகள் மடங்கும் ஓசையும் அப்பாவின் "வாங்கோ, வாங்கோ" என்ற குரலும் கேட்டன. ஈரக் கால்களின் சத்தம் கூடத்துக்குள் வந்தது. அவற்றின் நடுவே ஓர் இளம் ஆண்குரல் மழையைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குரல் யாருடையது என்று அழகியநாயகிக்குத் தெரிந்தது. பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, அடுக்களைச் சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கன்னியக் கும்பிட்டுட்டு வா மக்கா," என்றாள் அம்மா. "கேட்டுட்டுப் போனா நல்லது நடக்கும். நான் கூப்பிடுகேன், தட்டத்த எடுத்துட்டு வா."

அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். தன் முகத்தில் பட்ட துண்டைத்தான் கன்னி அங்கே உரைத்துக்கொண்டிருக்கிறாள். அதைத் திருப்பி எடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் வழி. கன்னியின் மஞ்சள் தீர்ந்துபோய்விட்டது, திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் கொடுத்ததையாவது எடுத்துக்கொள்ளலாம். காலில் விழுந்து கேட்கலாம். ஆடியில் ஒன்றுக்குப் பத்தாக வைக்கிறேன் என்று சொல்லலாம்.

தட்டத்தோடு பின்கட்டு வழியாக அரங்குக்குள் போய் அதைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள். இருட்டு. கொண்டுபோன கைவிளக்கு மூலையில் சின்னதாக எரிந்தது. பெட்டி ஆடவில்லை. மூடியைத் தூக்கினாள்.

மேலே சிற்றாடை. அதற்குள் கையை விட்டாள். வளையல்கள் விலகின. சீப்பு. அதற்கும் அடியில் மஞ்சள். எடுத்தாள், வரவில்லை. நகத்தளவு தேய்ந்து, ஈரமாக, எதிலோ ஒட்டிக்கொண்டிருந்தது.

எதில் என்று விரலால் தடவினாள்.

ஓலை இல்லை. துணி இல்லை. இளஞ்சூடாக இருந்தது. மேடாக ஒன்று. மேட்டுக்கு அடியில் இரண்டு குழி, அவற்றிலிருந்து காற்று வந்து விரலில் பட்டது. அதற்குக் கீழே மெத்தென்று இரண்டு இதழ். மேலே போனாள். மூடிய இமை. வலது புருவ ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். நாலு வயதில் அம்மை போட்டுப் போனபோது விழுந்த தழும்பு. கண்ணை மூடிக்கொண்டும் அவளுக்கு அது தெரியும்.

அப்போதுதான் உணர்ந்தாள். கன்னத்தில் ஒரு விரல் ஊர்வதை. நாலு நாளாக எதையும் அறியாத கன்னத்தில், தன் விரல், தன் விரலின் நடுக்கம், விரல் நுனியில் இருந்த மஞ்சளின் குளிர்ச்சி. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவள் விரல் இருந்ததோ பெட்டிக்குள்.

மற்றக் கையைத் தூக்கினாள். தன் முகத்தைத் தொட்டாள்.

வழவழப்பு.

மூக்கு இருந்த இடம் வழவழப்பு. மோவாய் வழவழப்பு. நடுவில் தேடினாள். வாயைத் தேடினாள். இங்கேதான் இருந்தது. இப்போதுதான் இதன் வழியாக மூச்சு விட்டாள். தேடினாள். நகத்தால் பிறாண்டினாள். கத்தினாள்.

சத்தம் வர வழியில்லை.

"அழகி!" கூடத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள். "தட்டத்த எடுத்துட்டு வா மக்கா!"

பெட்டிக்குள் அவள் விரலுக்கு அடியில் இதழ்கள் அசைந்தன.

"இன்னா வாறேன் அம்மா," என்றது அவளுடைய குரல்.

விரலுக்கு அடியில் இருந்தது எழுந்தது. அவள் கையை விலக்கிக்கொண்டு எழுந்தது. பட்டு சரசரத்தது. அவள் இடுப்பில் இருந்த பட்டு. பிச்சிப்பூ அவள் தலையிலிருந்து போனது. கால் தரையில் இல்லை. கால் எங்கே என்று தெரியவில்லை. நாலு பக்கமும் ஓலை. கதவு திறந்தது. முழங்கால் முட்டுவரை தொங்கிய நேரான முடி, தட்டத்தை ஏந்திய கை, ஒரு கணம் வெளிச்சத்தில் தெரிந்தன. கதவு பாதி சாத்திக்கொண்டது.

 கூடத்தில் ஒரு வயதான பெண்குரல் நெகிழ்ந்துபோய்ச் சொன்னது: "என்ன லட்சணம்! ஒரு பொட்டு கறுப்பு இல்லாத மொகம். எள்ளுன்னாளே பாவி, எங்க எள்ளு? இஞ்ச வந்து இரி மக்கா. ஏலே முத்து, நல்லாப் பாத்துக்கோ."

"பாத்தாச்சு அம்மா," என்றான் அவன். "எனக்குப் பிடிச்சிருக்கு."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் ஆறு மாதமாகக் காத்திருந்தாள். கேட்டாள். ஓலைக்குள் கிடந்து கேட்டாள். அம்மா, அது நான் இல்லை. அம்மா. அம்மா. முடியைப் பார். நேரான முடி. என் முடி சுருட்டை. நீதானே எண்ணெய் வைத்து வாருவாய். பார் அம்மா.

கதவு திறந்தது. அம்மாதான். கையில் சூடத் தட்டு. முகமெல்லாம் சந்தோஷம், கண்ணெல்லாம் தண்ணீர். நேராகப் பெட்டிக்கு வந்தாள். திறந்திருந்த மூடிக்கு மேலே அம்மாவின் முகம் பெரிதாகக் குனிந்தது. கண்ணுக்குக் கண் பார்த்தது. பார்வை நிற்கவில்லை, அவளைக் கடந்து சிற்றாடைமேல் போய் நின்றது.

அழகியநாயகி தன்னிடம் மிச்சமிருந்த எல்லாவற்றையும் கூட்டி அசைந்தாள். வளையல் ஒன்று மட்டும் லேசாகக் கிணுங்கியது.

அம்மாவுக்குப் புல்லரித்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள்.

"கேட்டது குடுத்துட்டே தாயே, சத்தமும் காட்டிட்டே," என்று தழுதழுத்தாள். "என் பிள்ளையக் கரையேத்திட்டே. ஆவணியில முகூர்த்தம் வைக்காவ. உனக்கு இந்த ஆடிக்குப் பட்டுச் சிற்றாடை எடுத்து வைக்கேன். வருசா வருசம் ஒரு குறை வைக்க மாட்டேன். இந்த வீட்டவிட்டு நீ எங்கயும் போகக் கூடாது."

சூடம் அணையும்வரை நின்றாள். பிறகு சிற்றாடையை நீவி, விளிம்பை உள்ளே மடித்துவிட்டு, மூடியைக் கவிழ்த்து, கயிற்றை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள்.